கூழ் காத்த குன்றம்

நியூசிலாந்தின் ஆக்லாந்து மாநகரின் தென்பகுதியில், மனுகாவ் கடற்கழியின் கிளையொன்று நிலத்துக்குள் புகுந்து முடியும் இடத்துக்கும் ஹூனுவா மலைத்தொடரின் அடிவாரத்துக்கும் நடுவே பரந்து கிடக்கும் சமவெளியிலே தகனினி என்னும் ஊர் அமைந்திருக்கிறது. ரயில் நிலையமும், கடைத்தெருக்களும், ஆண்டுதோறும் புதிது புதிதாய் எழும் வீட்டு வரிசைகளும், 2005-ம் ஆண்டில் திறக்கப்பெற்ற சீக்கியர்களின் பெரிய குருத்வாராவும் உடைய இவ்வூரையும் இதன் அண்டைப் பகுதிகளையும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிஜியிலிருந்தும் வந்த குடும்பங்கள் பல தமக்கு உரிய இடமாகக் கொண்டுவிட்டன. அவர்களுள் தமிழரும் உளர். பள்ளிக்கூடத்து விண்ணப்பத்திலும், மின்சாரக் கட்டணச் சீட்டிலும், தாய்நாட்டு உறவினர்க்கு அனுப்பும் விலாசத்திலும் நாள்தோறும் நாம் எழுதிவரும் இந்தப் பெயர் ஒரு மனிதருடைய பெயர் என்பதும், அம்மனிதர் எந்தக் குற்றமும் சாட்டப்படாமல் சிறைவைக்கப்பட்டு ஒரு தீவிலே உயிர்நீத்த மாவோரித் தலைவர் என்பதும் நம்மில் எத்தனை பேர் அறிந்த செய்தி? அவருடைய சரித்திரத்தை அறிய விரும்புவோர் ஏட்டைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு குன்றின்மீது ஏறிப் பார்ப்பது நலம்.

அந்தக் குன்று தகனினிக்குத் தென்கிழக்கே, பாபாகூராவை ஒட்டிய ரெட் ஹில் என்னும் பகுதியில் இருக்கிறது. புக்கேகிவிரிகி என்பது அதன் மாவோரிப் பெயர். வீதிகளும் வேலிகளும் முடியும் இடத்திலே புல்லும் மரமும் அடர்ந்து மேலெழும் அக்குன்றின் உச்சியில் நின்றால், மேற்கே பாபாகூராவின் கூரைகளையும் அவற்றுக்கு அப்பால் மனுகாவ் கழியின் நீர்ப்பரப்பையும் காணலாம். மறுபுறத்திலோ, ஹூனுவா மலைகளிலிருந்து இறங்கிவரும் ஹேஸ் ஓடை அறுத்துச் சென்ற பள்ளத்தாக்கு ஆழ்ந்து கிடக்கிறது. மலைக்குள்ளிருந்து சமவெளிக்கு வருவோரும், வடக்கேயுள்ள ஆக்லாந்துப் பூசந்தியிலிருந்து தெற்கேயுள்ள வைக்காட்டோ நதிப் பிரதேசத்துக்குச் செல்வோரும் இந்தக் குன்றின் பார்வைக்குத் தப்பிச் செல்வது அரிது. கழியில் மீனும் சிப்பியும், சமவெளியில் பயிர்நிலமும், மலையில் பறவையும் மரமும், ஓடையில் நன்னீரும் ஆக வாழ்க்கைக்கு வேண்டிய யாவும் ஒருநாள் நடைக்குள் கிடைக்கும் அந்த இடத்திலே, ஐரோப்பியர் இந்நாட்டைக் காண்பதற்கு முன்பே மக்கள் ஓர் அரண் அமைத்து வாழ்ந்தனர் என்பதில் வியப்பொன்றும் இல்லை.

'பா' என்று மாவோரி மக்கள் வழங்கும் இத்தகைய அரணூர்களின் அடையாளங்கள் நியூசிலாந்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களிலே கண்டறியப்பட்டுள்ளன. இந்நாட்டில் மனிதர் குடியேறியது சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்னால். அரண் கட்டும் வழக்கம் பெருகியதோ 1500-ம் ஆண்டை ஒட்டிய காலத்திற்குப் பின்னால். கல்லை அடுக்கிக் கோட்டை கட்டிய தமிழகத்திலிருந்து வந்த ஒருவர் புக்கேகிவிரிகியில் மதிலையும் கொத்தளத்தையும் தேடினால் ஏமாற்றமே அடைவார். அங்கே இருப்பது மண். மனிதன் தன் கருத்துக்கு இணங்க வெட்டியும் கொட்டியும் சமன்செய்தும் உருமாற்றிய மண். சரிவிலே படிப்படியாக வெட்டப்பட்ட தளங்களும், மேலே ஆங்காங்கே புல் மூடிய பள்ளங்களும், முதற்பார்வைக்கு இயற்கையின் மேடுபள்ளங்கள் போலவே தோன்றும்; மாலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் அவற்றின் விளிம்புகள் நேராக இருப்பதும், மூலைகள் திருத்தமாக அமைந்திருப்பதும் கண்ணுக்குப் புலனாகி, இது மனிதரின் கைவேலை என்ற உண்மை உள்ளத்தில் உறைக்கும்.

அரண் வகுத்தவர்களின் மதிநுட்பம் எத்தகையது என்பதை இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். இரும்பு இல்லை, வண்டியில்லை, பாரம் இழுக்கும் விலங்கும் இல்லை. கூர்மையான மரக்கோலால் மண்ணைக் கிளறி, மரத்துடுப்பு போன்ற கருவியால் அள்ளி, ஆளிநார்க் கூடையிலே சுமந்து சென்று கொட்டுவதுதான் வேலை. ஆகவே வீண் உழைப்புக்கு இடமில்லை. ஆறோ ஓடையோ குடைந்த செங்குத்தான பள்ளம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தை இயற்கையின் காவலுக்கே விட்டுவிட்டு, பகைவன் எளிதில் நடந்து வரக்கூடிய முகட்டின் கழுத்தை மட்டும் குறுக்கே வெட்டி அகழியாக்கி, வெட்டிய மண்ணை உட்புறம் குவித்து மேடாக்கி, அம்மேட்டின்மேல் வைரம் பாய்ந்த மரத்தூண்களை நெருக்கமாக நட்டுக் கொடிகளால் பிணைத்து வேலியிட்டனர். வேலிக்குப் பின்னால் உயர்ந்த பரண்கள். பரண்மீது எறிகற்குவியலும், ஈட்டி ஏந்திய வீரரும். வாயிலோ ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நுழையக்கூடிய ஒடுக்கம். குன்றின் தலைப்பகுதி தலைவனுக்கு உரியது. அடுத்தடுத்த தளங்களில் குடிகளின் வீடுகள்.

இவ்வகை அரணொன்று உயிரோடு இயங்கியதைக் கண்டு எழுதிவைத்த பிறநாட்டாருள் முதல்வர் என்று சொல்லத்தக்கவர் கப்பல்தலைவர் ஜேம்ஸ் குக். 1769-ம் ஆண்டு நவம்பரில் மெர்க்குரி விரிகுடாவிலே, கடலை நோக்கிய செங்குத்துப் பாறைமேல் அமைந்திருந்த ஓர் அரணூருக்குள் அவரும் அவருடன் வந்த ஜோசப் பாங்க்ஸும் அழைத்துச் செல்லப்பட்டனர். அகழியின் அடியிலிருந்து மேட்டின் உச்சிவரை 24 அடி இருந்ததைக் குக் அளந்து குறித்திருக்கிறார். வேலிகளையும் பரண்களையும் விவரித்திருக்கிறார். ஆனால் பிற்காலத்தார் அதிகம் கவனியாத மற்றொரு குறிப்பும் அதில் உண்டு: உள்ளே உலர்ந்த மீனும் பன்னத்தின் கிழங்கும் பெருங்குவியலாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன, நீரோ குன்றின் அடியில் ஓடும் ஓடையிலிருந்தே வரவேண்டும், அதைச் சுரைக்குடுக்கைகளில் நிரப்பி வைத்துக்கொள்வர் போலும் என்றும் அவர் எழுதினார். போர்வீரனுடைய கண் அகழியை அளந்ததைப் போலவே உணவையும் கணக்கெடுத்தது. ஏனெனில் முற்றுகை என்பது பசிக்கும் பொறுமைக்கும் நடக்கும் போட்டி என்பதை அவர் அறிந்தவர்.

வள்ளுவர் அரணுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தபோது நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் அரணின் அங்கங்களாகக் கூறியதோடு நில்லாமல், உள்ளிருப்போர்க்கு வேண்டிய உணவு நிறைந்திருப்பதையும் அதன் இலக்கணமாகச் சேர்த்தார். புக்கேகிவிரிகியின் உச்சியில் புல் மூடிக் கிடக்கும் அந்தப் பள்ளங்கள் இந்த இலக்கணத்துக்குக் கண்கண்ட உதாரணம் என்றே சொல்லலாம். அவை பதுங்கு குழிகள் அல்ல, கிழங்குக் களஞ்சியங்கள். நம் ஊரில் சர்க்கரைவள்ளி என்று நாம் அவித்து உண்ணும் அதே கிழங்குதான் மாவோரி மக்களின் கூமரா. தென்னமெரிக்காவில் தோன்றி, கொலம்பசின் பிரயாணத்துக்கு முன்பே பசிபிக் தீவினருடைய கைக்கு எட்டி, அவர்களுடைய தோணிகளிலே ஏறி இந்தத் தென்கோடி நாட்டுக்கு வந்து சேர்ந்த பயிர் அது. வெப்பத் தீவுகளில் ஆண்டு முழுதும் எப்போது வேண்டுமானாலும் நட்டு, வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். இங்கேயோ உறைபனி விழுந்தால் கொடி கருகிவிடும், நிலத்தில் விட்ட கிழங்கு அழுகிவிடும். ஆகவே இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் அறுவடை செய்து, வசந்தம் வரும்வரை ஐந்தாறு மாதம் கெடாமல் காத்தால்தான் உணவும் உண்டு, அடுத்த பருவத்துக்கு விதையும் உண்டு.

இந்தக் காவலுக்கு அவர்கள் கண்ட உபாயம் வியந்து போற்றத்தக்கது. நீர் தேங்காத முகட்டு மண்ணைத் தேர்ந்து நீள்சதுரமாகக் குழி வெட்டினர். தரையின் ஓரத்தைச் சுற்றிச் சிறு கால்வாய் கீறி, கசியும் ஈரம் ஒரு மூலையில் சேர்ந்து வடியும்படி செய்தனர். நடுவே வரிசையாகத் தூண் நட்டு முகட்டுவளை ஏற்றி, கூரை வேய்ந்து, அதன்மேல் மண்ணையும் போர்த்தி, குனிந்து நுழையும் சிறுவாயில் ஒன்றை மட்டும் விட்டனர். வெளியே பனி பொழிந்தாலும் உள்ளே மண்ணின் இளஞ்சூடு குறையாது; காற்றின் ஈரமும் அளவோடு நிற்கும். உள்ளே வைக்கும் கிழங்கை ஒவ்வொன்றாகப் பார்த்து, தோல் கீறியதையும் அடிபட்டதையும் அன்றாட உணவுக்கு ஒதுக்கி, பழுதற்றதை மட்டுமே அடுக்கினர்; ஒன்று அழுகினால் குழி முழுதும் அழுகும் அல்லவா? ஒரு குலத்தின் குளிர்கால உணவும் அடுத்த ஆண்டின் விதையும் ஒரே கூரையின்கீழ் இருந்தபடியால், அதைப் பறிகொடுப்பது ஒரு போரில் தோற்பதினும் கொடிய நஷ்டம். கூமரா நன்றாக விளையும் வடதீவின் வெப்பமான கரையோரங்களிலேயே இந்த அரணூர்கள் மிகுந்து காணப்படுவதற்குக் காரணம் இதுவே. கத்தியையும் ஈட்டியையும் காட்டிலும் கிழங்கே இந்த அகழிகளை வெட்டுவித்தது என்று கூறுவது மிகையாகாது. போரின் சின்னமாக மட்டும் நாம் காண்கின்ற இந்தக் குன்றுகளை விவசாய சரித்திரத்தின் ஏடுகளாகவும் படிக்கவேண்டும் என்பதே என் துணிபு.

தகனினியைச் சூழ்ந்த பிரதேசம் முழுதும் இதற்குச் சாட்சி பகரும். மேற்கே மாங்கேரேயில் ஓத்துவாத்தாவுவா என்னும் இடத்திலே எரிமலைக் கற்களைப் பொறுக்கி வரம்பாக அடுக்கி, அவற்றின் வெப்பத்திலே கூமரா வளர்த்த பழங்கால வயல்கள் இன்னும் காப்பாற்றப்பட்டு வருகின்றன. வடமேற்கே வீரிப் பகுதியில் மாத்துக்குத்தூரேயா என்னும் எரிமலைக் குன்றின் உச்சியிலும் அரணூர் இருந்தது. அக்குன்றின் பெரும்பகுதியைக் கல்லுக்காகவும் சரளைக்காகவும் வெட்டி எடுத்துவிட்டனர், தளங்கள் உடைய ஒரு பகுதி மட்டுமே எஞ்சியது. அதற்கு அண்டையிலிருந்த வீரி மலையோ ஏறத்தாழ முழுதும் கரைந்தே போயிற்று. ஆக்லாந்தின் வீதிகளும் ரயில் பாதைகளும் இவ்வாறு பழைய அரண்களின் உடலிலிருந்து எடுத்த கல்லின்மேல் அமைந்தவை என்பதை நினைக்கும்போது, எஞ்சியிருக்கும் ஒவ்வொரு குன்றும் எவ்வளவு அருமையானது என்பது விளங்கும்.

இந்நிலத்தின் ஆதிக்குடிகளுள் முக்கியமானவர் வையோஹுவா மரபினர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்களுடைய பெருந்தலைவன் கிவி தாமகி, இன்று ஒன் ட்ரீ ஹில் என்று வழங்கும் மௌங்காகியேகியே குன்றில் அரசிருந்தவன்; வடக்கிலிருந்து வந்த பகைவரோடு நடந்த யுத்தத்தில் அவன் வீழ்ந்தபின் அக்குலத்தின் ஆதிக்கம் குலைந்தது; எனினும் மனுகாவ் கழியின் தென்கரையிலே தே ஆகிதாய் வையோஹுவா என்னும் கிளை நிலைத்தது. கிவி தாமகியின் பேரன் பெபெனே தே திஹி. அவருடைய மகனே நம் ஊருக்குப் பெயர் தந்த இஹாகா தகனினி. 1821-ல் ஙாப்புஹிக் குலத்தலைவன் ஹோங்கி ஹீக்கா சீமைத் துப்பாக்கிகளோடு வந்து, தாமகி என்று வழங்கிய இந்த ஆக்லாந்துப் பிரதேசத்தைத் தாக்கியபோது, கல்லுக்கும் ஈட்டிக்கும் கட்டிய அரண்கள் குண்டுக்கு முன்னால் நிற்க இயலாமல் போயின. குடிகள் நிலத்தை விட்டுத் தெற்கே சென்று வைக்காட்டோத் தலைவர் பொட்டாட்டாவ் தே வெரோவெரோவின் அடைக்கலத்திலே வாழ்ந்து, 1830-களின் நடுவில் திரும்பினர்.

திரும்பி வந்தவர்கள் குன்றின்மேல் ஏறி அமராமல் சமவெளியில் இறங்கிப் பயிர் செய்தனர். கூமராவோடு ஐரோப்பிய உருளைக்கிழங்கும் கோதுமையும் பழமரங்களும் சேர்ந்தன. 1840-ல் மாவோரித் தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் முடியாட்சிக்கும் இடையே வைத்தாங்கி உடன்படிக்கை கையெழுத்தாகி, ஆக்லாந்து நகரம் உருவாகி வளர்ந்த முதல் இருபது ஆண்டுகளிலே அந்நகரத்தாருக்குச் சோறிட்டவர்கள் மாவோரி விவசாயிகளே; தோணி தோணியாய் விளைபொருள் சந்தைக்குச் சென்றது. இஹாகா தகனினி அரசாங்கத்தாருக்கு அந்நியரும் அல்லர். நில விவகாரங்களில் அரசாங்கம் நியமித்த மதிப்பீட்டாளராகவும், சந்தைக்கு வரும் மாவோரி மக்கள் தங்கும் விடுதிகளுக்குப் பொறுப்பாளராகவும் ஊழியம் புரிந்தவர். கழியின் கரையிலும் பாபாகூராவுக்கு அருகே கிரிகிரிப் பகுதியிலிருந்த தே அபராங்கி என்னும் கிராமத்திலும் அவருடைய மக்கள் வாழ்ந்தனர்.

ஆனால் தெற்கே வைக்காட்டோவில் மாவோரி மக்கள் தமக்கென ஓர் அரசரை ஏற்படுத்திக்கொண்டதும், நிலம் விற்க மறுத்ததும் குடியேற்ற அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. 1862-ல் படைவீரரைக் கொண்டு கிரேட் சவுத் ரோடு டிரூரியிலிருந்து தெற்கு நோக்கி நீட்டப்பெற்றது. இன்று தகனினியின் கடைத்தெருவாக நாம் கடக்கும் அதே சாலை, அன்று பீரங்கியும் தளவாடமும் செல்வதற்கென்று செப்பனிட்ட படைவழி. 1863-ம் ஆண்டு ஜூலை 9-ம் தேதி ஆளுநர் ஜார்ஜ் கிரே ஒரு பிரகடனம் வெளியிட்டார்: ஆக்லாந்துக்கும் வைக்காட்டோவுக்கும் இடையே வாழும் மாவோரி மக்கள் யாவரும் ராணிக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும், செய்யாதோர் ஊரை விட்டுத் தெற்கே செல்லவேண்டும். மூன்றாம் நாள், ஜூலை 12-ம் தேதி, தளபதி டங்கன் கேமரனின் படை மங்காத்தாவிரி ஓடையைக் கடந்து யுத்தத்தைத் தொடங்கியது. வயலில் விளைச்சலும் வீட்டில் முதியோரும் நோயாளிகளும் இருக்க, மூன்று நாளிலே யார் எங்கே செல்ல முடியும்?

அந்த மாதத்திலேயே இஹாகா தகனினியும், அவருடைய முதிய தந்தை பெபெனே தே திஹியும், மனைவி ரீரியாவும், குழந்தைகளும், உறவினர்களும் கைது செய்யப்பட்டனர். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. ஓட்டாஹூஹூவிலிருந்த படைமுகாமிலே அடைபட்டிருந்தபோதே முதியவர் தே திஹியும் இஹாகாவின் குழந்தைகளுள் இருவரும் இறந்தனர். எஞ்சியவர்கள் ஹௌராக்கி வளைகுடாவில் ஆளுநர் கிரேக்கே சொந்தமாயிருந்த ராக்கினோ தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே 1864-ல் இஹாகா தகனினி காலமானார். அவரைப் புதைத்த இடம் எது என்பது இன்றுவரை எவரும் அறியாத செய்தி. மகன் தே விரிஹானா உயிர்தப்பியதால் மட்டுமே அவர் வழி நிலைத்தது. 1863 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின்படி நிலங்கள் பறிமுதலாயின. பாபாகூராச் சமவெளியிலும் வைக்காட்டோவிலும் படைவீரரும் குடியேறிகளும் அமர்ந்தனர்.

சங்ககாலப் பறம்புமலையின் கதையை அறிந்த தமிழர்க்கு இவ்விடத்திலே நெஞ்சு ஒருகணம் நின்று துடிக்காமல் இராது. மூவேந்தர் சூழ்ந்து முற்றுகையிட்டபோதும் பாரியின் பறம்பு பணியாததற்குக் காரணம், உழாமலே விளையும் மூங்கில்நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் அம்மலையில் இருந்தமையே என்று கபிலர் பாடிவைத்தார். படையால் முடியாத காரியம் வஞ்சனையால் முடிந்தது என்பது பரம்பரைச் செய்தி. மாவோரி மக்களின் அரண்வகுக்கும் கலையும் போர்க்களத்தில் அறிவிழந்து தோற்றதன்று. துப்பாக்கி வந்ததும் உயரத்தை நம்பாமல் மண்ணுக்குள் இறங்கி, வளைந்து செல்லும் பதுங்குகுழிகளும் குண்டு துளைக்காத நிலவறைகளும் வெட்டி, 1846-ல் ருவாபெக்காபெக்காவிலும், 1864 ஏப்ரல் 29-ல் கேட் பா என்னுமிடத்திலும் பேரரசின் பீரங்கிகளைத் திகைக்கச் செய்தது அக்கலை. ஆயினும் அரசாங்கத்தை நம்பி அதன் ஊழியத்திலிருந்த ஒரு தலைவரை அவருடைய வீட்டிலிருந்தே பிடித்துச் செல்லும்போது எந்த அகழி தடுக்கும்? குடிகளை வயலிலிருந்து பிரித்துவிட்டால், கூழ் காக்கும் குன்றினால் என்ன பயன்? அரணின் உயிர் மண்மேட்டில் இல்லை. தன் நிலத்தில் தான் நட்டதைத் தானே அறுக்கலாம் என்ற உறுதியில் இருக்கிறது. 1863-ல் தகர்க்கப்பட்டது அந்த உறுதியே.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் அநீதி அநீதி என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 2021-ல் தே ஆகிதாய் வையோஹுவா குலத்தாரும் அரசாங்கமும் உடன்பாட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட்டனர். பறித்ததையெல்லாம் எந்தப் பத்திரமும் திருப்பித் தரமுடியாதெனினும், நடந்ததை அரசாங்கமே தன் வாயால் கூறுவது சிறிய காரியமன்று. புக்கேகிவிரிகிக் குன்றும் இன்று சரித்திரக் காப்பிடமாக வைக்கப்பட்டிருக்கிறது. நகரசபையாரோடு அந்நிலத்துக்கு உறவுடைய குலத்தாரும் சேர்ந்து அமர்ந்து அதன் பராமரிப்பைப் பற்றித் தீர்மானிக்கின்றனர். மாவோரி மரபிலே தலைவனுடைய உச்சித்தளமும் முன்னோர் உலவிய மண்ணும் புனிதமானவை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் நமக்கு இதை எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆகவே அங்கே செல்வோர் பாதையை விட்டு விலகாமலும், குழிகளுக்குள் இறங்கி விளிம்பைச் சிதைக்காமலும், உச்சியில் உண்டு குப்பை போடாமலும் நடந்துகொள்வது இயல்பாகவே அமையும்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு, வந்த மண்ணின் சரித்திரம் பிறருடைய சொத்து என்ற எண்ணம் சில வேளைகளில் ஏற்படுகிறது. அது சரியன்று. இந்தச் சமவெளியில் வீடு வாங்கி, தோட்டத்திலே முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்க்கப் பனியோடு போராடும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும், வெப்பநாட்டுக் கிழங்கை இக்குளிர்நாட்டில் பிழைக்கவைத்த அந்த முன்னோர்களின் உழைப்பை மற்றெவரையும்விட நன்றாக உணரக்கூடியது. அந்த உழைப்பின் பலன் எவ்வாறு பறிக்கப்பட்டது என்பதையும் அறிந்துகொள்வது, இவ்வூரில் வாழும் உரிமையோடு நமக்கு வந்து சேர்ந்த கடமை. நம் குழந்தைகள் பாரியின் பெயரையும் இஹாகா தகனினியின் பெயரையும் ஒரே மரியாதையோடு சொல்லக் கற்பார்களேயானால், இந்த ஊரின் பெயரை விலாசத்தில் எழுதும் தகுதி நமக்கு உண்டாகிவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.